அவை மண்டபத்து உத்திரங்கள்

ரிங்கிட் நாணயத்தின் மதிப்பு விழுந்துகொண்டே இருந்த மாதங்கள் அவை. தொண்ணூற்றேழாம் ஆண்டு முடியப்போகிற நேரம். அரசாங்க வேலைகள் எல்லாவற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு செலவைக் குறைத்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மலாக்கா ஆற்றை ஒட்டி நின்ற பழைய சட்டமன்றக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலையும் அதற்குத் தப்பவில்லை.

அந்த வேலையின் செலவுக்குப் பொறுப்பு இந்திராதேவி. எதற்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். குத்தகைக்காரர்கள் கேட்கிற தொகை நியாயமா என்று பார்க்க வேண்டும். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை சுண்ணாம்புக்குக்கூடப் பணம் போகாது. அலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள் அவள். உபகாரச் சம்பளத்தில் படித்து, அரசாங்க வேலையில் சேர்ந்து, யாரும் குறை சொல்லாதபடி நாற்பது வயதைத் தாண்டியிருந்தாள். அடுத்த பதவி உயர்வு அவளுக்குத்தான் என்று அலுவலகத்தில் பேச்சு இருந்தது.

உத்தரவு வந்த அன்று மேலதிகாரி ஹம்டான் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் ஓய்வு பெறுவதற்குள் எந்த வம்பிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

"எதை வெட்டலாம், புவான் இந்திரா?" என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார்.

"யோசிக்கணும், துவான்."

"யோசிக்க என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாததை வெட்டுங்கள். உத்திரங்களைத் திறந்து பார்க்க ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிட்டால் பாதி கணக்கு தீர்ந்தது."

கட்டடத்தின் நடுவில் இருந்தது அவை மண்டபம். அதைச் சுற்றி மேலே பார்வையாளர் மாடம். சட்டமன்றம் அங்கே கூடிய காலத்தில் பொதுமக்கள் அந்த மாடத்தில் உட்கார்ந்துதான் விவாதங்களைக் கேட்பார்கள். மாடத்தைத் தாங்கி நின்றவை தடித்த மர உத்திரங்கள். வெளியே தெரிந்த பகுதியைத் தட்டினால் கல்லைத் தட்டுவது போலிருக்கும். ஆனால் ஒவ்வோர் உத்திரத்தின் முனையும் சுவருக்குள் புதைந்திருந்தது. இருநூறு வருடத்துச் சுவர். ஆற்று ஈரத்தை உறிஞ்சிக் குடித்த சுவர். சோதனைக்காக இரண்டு இடங்களில் மட்டும் உடைத்துப் பார்த்திருந்தார்கள். ஒரு முனை நன்றாக இருந்தது. இன்னொன்று உளுத்துப்போயிருந்தது.

"உளுத்ததை மாற்றுவோம். மற்றதெல்லாம் இத்தனை வருடம் நின்றிருக்கிறதே," என்றார் ஹம்டான்.

"நிக்குதுன்னு தெரியும், துவான். எதனால நிக்குதுன்னு தெரியல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள். உத்திரமா, விளக்குகளா. இரண்டுக்கும் சேர்த்துப் பணமில்லை."

விளக்குகள் என்றதும் இந்திராதேவிக்குச் சேகரன் ஞாபகம்தான் வந்தது.

அவை மண்டபத்தில் முன்பு தொங்கிய பித்தளைச் சர விளக்குகளைப் போலவே புதிதாக வார்த்து, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அந்த வேலையை எடுத்திருந்தவன் சேகரன். பாச்சாங்கில் மின்சாமான் கடை வைத்திருந்தான். ஒயரிங் வேலைகளும் எடுத்துச் செய்வான். இந்திராதேவியின் தோட்டத்துக்காரன், தோட்டப் பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். குத்தகை அவனுக்குக் கிடைத்ததில் அவள் கை எதுவும் இல்லை. அவனுடைய விலைதான் குறைவாக இருந்தது. ஆனால் ஆகஸ்ட் மாதம் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். ரிங்கிட் சரிய ஆரம்பித்ததைப் பார்த்து, நாளாக ஆக விளக்கின் விலை ஏறும் என்று பயந்து, அவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்: "ஆர்டரைப் போட்டுரு சேகர். லெட்டர் பின்னால வரும்."

அரசாங்கத்துக்கு மிச்சமாகட்டும் என்றுதான் சொன்னாள். அவனும் மறு பேச்சில்லாமல் ஆர்டர் போட்டான். விளக்கு வார்ப்பவர்களுக்கு முன்பணம் கட்டுவதற்காகப் பாச்சாங் வீட்டை பேங்கில் அடமானம் வைத்தான். ஆனால் கடிதம் போகவே இல்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று மேலே கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. இப்போது விளக்குகள் வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னால், யார் உன்னை ஆர்டர் போடச் சொன்னது என்று சேகரனைக் கேட்பார்கள். அவனிடம் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

அந்தச் சனி ஞாயிறு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் திருச்செல்வம் இடைநிலைப் பள்ளி ஆசிரியர். அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டார். ஞாயிறு மாலை துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் வந்து உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உத்திரத்த தொறந்து பார்த்து எல்லாம் நல்லா இருந்துச்சுன்னா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்தா, சும்மா செவுத்த ஒடைச்சதுக்காக சேகரன் வீடு போகும்."

"தொறக்காம வுட்டுட்டா?"

அவள் மடித்த சட்டையை மறுபடியும் பிரித்தாள். "ஒன்னும் ஆகாமலே இருக்கலாம் லா. இல்ல, ஒரு நாளு ஸ்கூல் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வந்து மேல ஒக்கார வெப்பாங்க."

திருச்செல்வம் அவள் பிரித்த சட்டையை வாங்கி மடித்தார். தன் பள்ளியிலிருந்தும் வருடா வருடம் பிள்ளைகளை மலாக்கா சுற்றிக் காட்டக் கூட்டிப்போகிறவர் அவர்.

திங்கட்கிழமை அவள் ஹம்டானிடம் போய், விளக்குகளை வெட்டலாம், உத்திரங்களைத் திறக்க வேண்டும் என்றாள்.

"திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால்?"

"கட்டடத்துக்கு நல்லதுதானே, துவான்."

"கட்டடத்துக்கு நல்லது," என்றார் அவர். "உங்களுக்கு நல்லதில்லை. நான் எச்சரித்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்."

விஷயம் அலுவலகம் வழியாகச் சேகரன் காதுக்குப் போவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று அன்று மத்தியானமே பாச்சாங்குக்குக் காரை ஓட்டினாள். கடைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் சற்று நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைக்குள் சேகரன் யாரோ ஒரு சீனக் கிழவருக்கு மின்விசிறியை ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா இந்திரா. என்னா இந்த நேரத்துல? மீனம்மா, யாரு வந்திருக்கா பாரு, ஒரு கோப்பி கலக்கு."

அவன் மனைவி மீனம்மா பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஒக்காருங்கக்கா. பசியாறிட்டிங்களா?"

கிழவர் போகும் வரை இந்திராதேவி காத்திருந்தாள். பிறகு நின்றபடியே சொன்னாள். சேகரன் முதலில் அது ஏதோ தாமதம் என்றுதான் எடுத்துக்கொண்டான். "சரி, பேமண்ட் லேட்டாவும், அதானே? ரெண்டு மாசம் தாங்கிக்குவேன்," என்றான்.

"லேட்டு இல்ல சேகர். வெளக்கே வேணாம்னுட்டாங்க."

"யாரு?"

"நான்தான் வேணாம்னேன்."

மீனம்மா கோப்பித் தட்டோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சேகரன் மின்விசிறியின் சுவிட்சை அணைத்தான். இறக்கைகள் சுற்றி நிற்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆர்டர் போடச் சொன்னது நீ."

"ஆமா."

"வூட்டு மேல கடன் வாங்குறேன்னு ஒங்கிட்ட சொன்னேன். பயப்படாதன்னு சொன்ன."

"சொன்னேன்."

"அப்பறம் எந்த மொகத்த வெச்சிக்கிட்டு இங்க வந்த?"

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். உத்திரங்களைப் பற்றி, உளுத்த முனையைப் பற்றிச் சொல்ல வந்தாள். பாதியிலேயே அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அது ஒன் வேலை. எனக்கு வெளங்காது. பேங்க்காரன் வந்து கேட்டா, மரம் உளுத்துப் போச்சுன்னு சொல்லட்டுமா?"

மீனம்மா மட்டும் கார் வரை வந்தாள். "அவரு கோவத்துல பேசுறாருக்கா," என்றாள். பிறகு தயங்கி, "ஏதாச்சும் செய்வீங்க இல்ல?" என்று கேட்டாள். செய்கிறேன் என்று இந்திராதேவி தலையாட்டினாள். என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

புது வருடம் பிறந்ததும் சுவர்களை உடைக்கத் தொடங்கினார்கள். வேலையை நேரில் நடத்தியவன் டெரன்ஸ் என்கிற இளம் என்ஜினியர். மாடத்துக்கு இரும்புக் குழாய்களால் முட்டுக் கொடுத்து, ஒவ்வோர் உத்திரமாக முனையைத் திறந்தார்கள். சாரம் ஏற்கெனவே கட்டியிருந்தது தெருப் பக்கச் சுவரில்தான். அதனால் அங்கேயே ஆரம்பித்தார்கள். சாரத்தை நகர்த்திய பிறகுதான் ஆற்றுப் பக்கம்.

இந்திராதேவி தினமும் காலையில் அலுவலகம் போகும் முன் அங்கே போனாள். மண்டபம் முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. முதல் முனை திறந்தபோது டெரன்ஸ் உளியால் குத்திக் காட்டினான். உளி துள்ளித் திரும்பியது.

"சாலிட், மேடம்," என்றான் சந்தோஷமாக.

அவளும் சிரித்தாள். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். ஒவ்வொரு முறையும் அவன் சந்தோஷமாகச் சொன்னான். ஒவ்வொரு முறையும் அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மரம் நன்றாக இருக்கிறது என்பதைக் கேட்டு மனம் கலங்குகிற ஆளாகத் தான் ஆகிவிட்டதை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. உளுத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை. நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை.

அலுவலகத் தாழ்வாரத்தில் எதிரே வந்தால் ஹம்டான் புருவத்தை மட்டும் தூக்குவார். இன்னும் ஒன்றுமில்லை என்று அவள் தலையை ஆட்டுவாள். அவர் போய்விடுவார்.

இதற்கிடையில் சேகரனுக்கு பேங்கிலிருந்து முதல் நோட்டீஸ் வந்துவிட்டது என்று திருச்செல்வம் கோயிலில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். கோயிலில் வேறு பேச்சும் இருந்தது. நம்ம ஆளுக்கு நம்ம ஆளே குழி வெட்டுறான் பாரு என்று யாரோ அவர் காதுபடவே சொன்னார்களாம்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

"என்னா சொல்றது? செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன்."

தெருப் பக்கத்து முனைகள் எல்லாம் நன்றாக இருந்தன. சாரத்தைக் கழற்றி ஆற்றுப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்த வாரத்தில் செலவுக் குழு கூடியது. பொதுப்பணத்தில் நடக்கும் பெரிய வேலைகளைக் கண்காணிக்கிற குழு அது. சட்டமன்ற உறுப்பினர்களும் நிதி அதிகாரிகளும் அதில் உட்கார்வார்கள். இந்திராதேவி முன்பும் அவர்கள் முன் பேசியிருக்கிறாள். அன்று மட்டும் கொண்டுவந்த தாள்களை இரண்டு தடவை அடுக்கிவைத்தாள்.

குழுத் தலைவர் முடி நரைத்த, சாந்தமாகப் பேசுகிற மனிதர். "இதுவரை திறந்ததில் என்ன கிடைத்தது?" என்று கேட்டார்.

"சோதனையின்போது பார்த்த ஒரு முனையைத் தவிர, மற்றதெல்லாம் நன்றாக இருக்கின்றன."

"அதாவது, புதிதாக ஒன்றும் இல்லை."

"இதுவரை இல்லை. ஆற்றுப் பக்கம் இன்னும் திறக்கவில்லை."

"விளக்குகள் இல்லாமல் ஒரு வரலாற்று மண்டபத்தைத் திறக்கச் சொல்கிறீர்கள். ஒன்றுமில்லாத சுவரை உடைக்கச் செலவு செய்கிறீர்கள்." அவர் தாளைப் புரட்டினார். "விளக்குக் குத்தகைக்காரர் தான் கட்டிய முன்பணத்தை நம்மிடம் கேட்டு எழுதியிருக்கிறார். அரசாங்கம் சொல்லித்தான் ஆர்டர் போட்டேன் என்கிறார். எழுத்தில் ஒன்றுமில்லை. நிராகரித்துவிடலாமா?"

ஹம்டான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேசைக்கடியில் அவருடைய கால் லேசாக அவள் நாற்காலியைத் தட்டியது. பேசாதே என்று அர்த்தம். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லை, அதுகூட வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். அவளுடைய பதவி உயர்வுக் கடிதம் எந்த மேசையில் இருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

"நிராகரிக்கக் கூடாது," என்றாள். "ஆர்டர் போடச் சொன்னது நான். போனில் சொன்னேன். கடிதம் வரும் என்றும் சொன்னேன். அவர் பொய் சொல்லவில்லை."

நிதி அதிகாரி ஒருவர் பேனாவை மூடினார்.

"உங்களுக்கு அந்த அதிகாரம் உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை."

"அவர் உங்களுக்குத் தெரிந்தவரா?"

"ஒரே தோட்டம். ஒரே பள்ளிக்கூடம்."

இதைச் சொன்னபோதுதான் அது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எப்படித் தோன்றும் என்று அவளுக்கு உறைத்தது. தலைவர் முன்பண விவகாரத்தைத் தனியாக விசாரிக்கச் சொன்னார். உத்திர வேலைக்கு இன்னும் ஒரு வாரம் கொடுத்தார். அதற்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் சுவர்களை மூடிவிட வேண்டும்.

வெளியே வந்ததும் ஹம்டான் மாடிப்படியருகே நின்றார். கோபம் இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. தனக்கும் சேர்த்து யாரோ நெருப்பில் கை வைத்ததைப் பார்த்தவரின் முகம். "இனி என்னால் ஒன்றும் செய்ய முடியாது, புவான்," என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் மழை. ஆறு கலங்கி ஓடியது. சாரம் கட்டுவதே இரண்டு நாள் தள்ளிப்போனது. இந்திராதேவி அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே தொகையை மறுபடி மறுபடி கூட்டினாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வந்தது.

டெரன்ஸ் கூப்பிட்டபோது அவன் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "மேடம், கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா? இப்பவே."

அவள் போனபோது வேலையாட்கள் எல்லோரும் கீழே இறங்கி, மண்டபத்தின் மறு ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள். டெரன்ஸ் அவளுக்குத் தலைக்கவசம் கொடுத்து, சாரத்தின் மேல் ஏற உதவினான். ஆற்றுப் பக்கச் சுவரில் திறந்த பொந்துக்குள் டார்ச் அடித்தான். மரம் மரமாகவே இல்லை. நனைந்த கேக்கைப் போல் கறுத்துக் குழைந்திருந்தது. அவன் உளியைக் குத்தவில்லை. சும்மா வைத்து அழுத்தினான். பிடி வரை உள்ளே போனது.

"பக்கத்துல உள்ளதும் இப்படித்தான். அதுக்கு அடுத்ததும்," என்றான். "செவுத்துக்குள்ள ஒன்னுமே இல்ல மேடம். மாடம் அப்படியே மேல் பலகையோட பிடிப்புல தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு நாளைக்கு முன்னால, இந்தப் பக்கம் முட்டு வெக்காதப்பவே, நாங்க ஏழு எட்டுப் பேரு மேல நின்னு சாப்பிட்டோம்."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அது வந்ததுமே அவள் பயந்துபோனாள். சாரத்தின் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டாள். கீழே ஒதுங்கி நின்றவர்களைப் பார்த்தாள். அவர்களில் ஒருவர் பெரியதம்பி, வேலை பார்த்த தோட்டத்தைக் கம்பெனி விற்றபின் இந்த வேலைக்கு வந்தவர். அவர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வெளிய போங்க," என்றாள். "இன்னும் பலமா முட்டு வெக்கிற வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது. நீயும்தான் டெரன்ஸ்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. ஆற்றுப் பக்கத்து உத்திரங்கள் அத்தனையையும் மாற்ற வேண்டியிருந்தது. விளக்கை வெட்டி மிச்சம் பிடித்த பணம் அதற்குப் போதவில்லை. குழு கூடுதல் தொகைக்கு ஒப்புக்கொண்டது; வேலை நீண்டு, திறப்பு விழா ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது. இந்திராதேவி செய்தது சரி என்று யாரும் எழுத்தில் சொல்லவில்லை. அதிகாரமில்லாமல் ஆர்டர் போடச் சொன்னதற்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் எழுத்தில் வந்தது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அவளை அலோர் காஜா மாவட்ட அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே பள்ளிக்கூடக் கூரைகளையும் கிளினிக் கழிவறைகளையும் பழுதுபார்க்கும் செலவுகளைப் பார்த்தாள்.

சேகரனுக்கு முன்பணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. ஆனால் விசாரணை முடிந்து அது வந்து சேர்வதற்குள் அவன் லாரியை விற்றிருந்தான். கடையில் வேலை செய்த இருவரை நிறுத்தியிருந்தான். வீடு தப்பியது. மறு வருடத் தைப்பூசத்தன்று கூட்டத்தில் இந்திராதேவியைப் பார்த்தபோது அவன் முகத்தைத் திருப்பவுமில்லை, நிற்கவுமில்லை. மீனம்மா மட்டும் அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கட்டடம் திறந்து பொதுமக்களை உள்ளே விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை திருச்செல்வம் அவளைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனார். நல்ல கூட்டம். மண்டபத்தில் சாதாரணக் குழல்விளக்குகள் எரிந்தன. "இவ்ளோ காசு செலவு பண்ணி இருக்கானுங்க, நல்ல வெளக்கா ரெண்டு மாட்டக் கூடாதா?" என்று ஓர் அம்மாள் தன் புருஷனிடம் சொல்லிக்கொண்டு போனாள். இந்திராதேவி எங்கும் பார்க்காமல் நடந்தாள்.

மாடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேலே ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடினார்கள். பலகைகள் அதிர்ந்தன. மாற்றலாகிப் போகும் முன், முனைகளில் இரும்புத் தட்டு வைத்துக் கட்டியதை அவளே நேரில் பார்த்திருக்கிறாள்; எடை வைத்துச் சோதித்ததையும் பார்த்திருக்கிறாள். ஆனாலும் கீழேயே நின்று உத்திரங்களை அண்ணாந்து பார்த்தாள்.

"இந்திரா."

மேலே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி சேகரன் நின்றான். பக்கத்தில் மீனம்மா. ஆற்றுப் பக்கம்.

"அங்க நின்னு என்னா பாக்குற?" என்றான்.

"சும்மா லா."

"மேல வா." கொஞ்சம் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எடம் இருக்கு."

திருச்செல்வம் முன்னால் நடந்தார். அவள் படியில் கால் வைத்தாள். மேலே போனதும் மீனம்மா நகர்ந்து இடம் விட்டாள். பிள்ளைகள் மறுபடியும் இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். பலகையின் அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. இந்திராதேவி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர்கள் கடந்து போகும் வரை மூச்சை அடக்கி நின்றாள்.